குருட்டு அலையும் கறுப்பு மணலும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்து பிள்ளைகளெல்லாம் ஓடிப்போன பிறகு, பத்தாம் வகுப்பில் வாசிக்கும் ஒரு பையன் மட்டும் தூணருகே நின்றுகொண்டிருந்தான். கையில் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகம். "சாமி, இதுல உயிரின் தோற்றமும் பரிணாமமும்ணு ஒரு பாடம் இருக்கு. எல்லாம் தற்செயலா மாறி மாறி வந்ததுண்ணு சொல்லுது. ஆதியாகமத்துல ஆண்டவர் படைச்சாருண்ணு இருக்கு. பரீட்சைக்கு எத எழுதணும்?" என்றான்.

"பரீட்சைக்குப் புத்தகத்தில் உள்ளதை எழுது, மார்க்குப் போய்விடும்" என்றேன்.

"சரி சாமி. மனசுல எத எழுத?" என்று கேட்டான்.

அரைமணி நேரம் அவனுக்குப் பதில் சொன்னேன். அவன் திருப்தியோடுதான் போனான்; எனக்குத்தான் திருப்தியில்லை. ஆகையால் அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இந்த வாரம் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். சற்று நீளமாய்ப் போகும். பூசைக்குப் பின் வீட்டுக்குப் போய், சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, நிதானமாய் வாசியுங்கள்.

பரிணாமம் என்ற சொல் காதில் விழுந்ததும் காதைப் பொத்திக்கொள்ளும்படி திருச்சபை நமக்கு எங்கும் கட்டளையிடவில்லை. 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1950 ஆகஸ்டு 12-ந் தேதி விடுத்த சுற்றுமடலில், மனித சரீரம் அதற்கு முன்பே உயிரோடிருந்த பொருளினின்று உருவாயிற்றோ என்று சாஸ்திரிகள் ஆராய்வதைத் தடைசெய்யவில்லை. ஆத்துமமோ சர்வேசுரனால் நேராகச் சிருஷ்டிக்கப்படுகிறது என்ற சத்தியத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். 1996-ல் 2-ம் அருள் சின்னப்பர் பாப்பரசர், பாப்பிறை விஞ்ஞானக் கழகத்தாருக்கு எழுதிய செய்தியில், இந்தக் கொள்கை வெறும் யூகம் என்ற படியைக் கடந்துவிட்டது என்று வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். அவர்களுக்கெல்லாம் முன்னே, ஆயிரத்தறுநூறு வருஷங்களுக்கு முன்பு, அர்ச். அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் கிறிஸ்தவர்களைக் கண்டித்திருக்கிறார்: வானத்தையும் பூமியையும் பற்றித் தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசி, வேதத்தை அந்நியர் நகைக்கும்படி செய்யாதீர்கள் என்பது அவர் சொன்னதின் கருத்து. 2023-ல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனம் தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. நம் மாநிலப் புத்தகத்தில் அது இருக்கிறது. இருப்பது நல்லதே. படிக்காத பாடத்துக்கு எந்தப் பிள்ளையும் நல்ல பதில் சொன்னதில்லை.

குரங்கு மனிதனாயிற்று என்று சிலர் பரிகாசமாய்ச் சொல்கிறார்களே, அது அந்தப் பாடத்தில் இல்லை. நமக்கும் வாலில்லாக் குரங்குகள் சிலவற்றுக்கும் பல லட்சம் வருஷங்களுக்கு முன் ஒரே மூதாதை இருந்திருக்க வேண்டும் என்பதே சாஸ்திரிகள் சொல்வது. காலம் எவ்வளவு பெரிதென்று அறிய வெகுதூரம் போகவேண்டாம். 1863-ல் இராபர்ட் புரூஸ் பூட் என்ற துரை சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஆதி மனிதரின் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் வருஷப் பழமை உள்ளவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். நாம் தமிழ் மண் என்று பெருமையாய்ச் சொல்லுகிற இந்த மண்ணில், தமிழ் என்ற பேச்சே இல்லாத காலத்தில், யாரோ ஒருவர் குந்தியிருந்து கல்லைக் கல்லால் தட்டிக் கூர்மையாக்கியிருக்கிறார்.

ஆனால் அந்தப் பையனை உறுத்தியது குரங்குமல்ல, 15 லட்சமுமல்ல. 'தற்செயல்' என்ற அந்த ஒரு சொல்தான். எல்லாம் தற்செயல் என்றால் என்னை ஒருவரும் நினைத்துப் படைக்கவில்லை. நினைத்துப் படைக்காத எனக்கு நல்லதென்ன, கெட்டதென்ன? இதுதான் அவன் மனதில் எழுதத் தெரியாமல் நின்ற வரி. ஆகையால் தற்செயலைப் பற்றியே பேசுவோம்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள். கறுப்பு மணல். வெயிலில் கால் வைக்க முடியாது. அந்த மணல் எப்படி வந்தது? மேற்கு மலைப் பாறைகள் கோடிக்கணக்கான வருஷமாய் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து பொடியாகின்றன. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நாம் எதிர்பார்த்திருக்கிற அதே மழை அந்தப் பொடியை ஆற்றில் தள்ளுகிறது. வள்ளியாறு அதைக் கடியப்பட்டணத்தில் கடலுக்குக் கொடுக்கிறது. கடல் அதைக் கரைமேல் வீசுகிறது, இழுக்கிறது, மறுபடி வீசுகிறது. இலேசான வெள்ளை மணலை அலை திரும்ப இழுத்துக்கொண்டு போகிறது; கனமானது தங்கிவிடுகிறது. கறுப்பாய் இல்மனைட்டு, சிவப்பாய்க் கார்னெட்டு, தேன் நிறத்தில் மோனசைட்டு. நம் வீட்டுப் பெண்கள் சுளவில் அரிசி புடைப்பதைப் பாருங்கள்: உமி பறக்கிறது, மணி நிற்கிறது. அப்படிப் புடைத்து வைத்தாற்போல் அந்தக் கரை இருக்கிறது. ஆனால் புடைத்த கை எங்கே? அலைக்குக் கண்ணில்லை. ஒரு அலையாவது 'இது இல்மனைட்டு, இதை இங்கே வைப்போம்' என்று யோசிக்கவில்லை. இருந்தும் மணல் தரம் பிரிந்து கிடக்கிறது.

(கன்னியாகுமரியில் பல நிற மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அதற்கு நம் அயலார் ஒரு கதை சொல்வார்கள். பகவதியின் கலியாணம் நின்றுபோனதால், விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாய்ப் போயிற்றாம். அழகான கதை. நோக்கமில்லாமல் ஒரு நிறம்கூட இருக்கக்கூடாது என்ற மனித மனதின் தாகம் அதில் இருக்கிறது.)

சார்லஸ் டார்வின் 1859-ல் தம் நூலில் சொன்னதும் ஏறக்குறைய இந்த மணல் கதைதான். பிறக்கிற உயிர்களில் சிறு சிறு வேற்றுமைகள் குருட்டாம்போக்காய் வருகின்றன. அவற்றுள் எது நிற்கும் எது போகும் என்பதோ குருட்டாம்போக்காய் நடப்பதில்லை. சூழ்நிலைக்குப் பொருந்தியது நிற்கிறது. அலை கண்மூடித்தனமாய் அடிக்கலாம். கனமானது தங்கும் என்ற சட்டம் மாறுவதில்லை. சட்டம் இல்லாவிட்டால் தற்செயலால் ஒரு மணற்குவியலைக்கூட உண்டாக்க முடியாது. நம் சபைத் துறவி ஒருவரும் இதைக் கண்டவர்தாம். அர்ச். அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல் சுவாமியார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை எண்ணி எண்ணிப் பார்த்து 1866-ல் வெளியிட்டார். எந்தச் செடிக்கு எது போய்ச் சேரும் என்று ஒருவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆயிரம் செடியை எண்ணினால் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்குத் தவறாமல் வந்து நிற்கிறது.

அந்தச் சட்டத்தை யார் வைத்தார் என்று கேட்டால், விஞ்ஞானப் புத்தகம் அந்த இடத்தில் மௌனமாயிருக்கிறது. மௌனமாயிருக்க வேண்டியதுதான். தராசால் நீளத்தை அளக்க முடியாது; அது தராசின் குற்றமல்ல.

மோனசைட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட்டு இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிற்றில் ஒட்டின மணல்! அதில் உள்ள தோரியத்தைக் கொண்டுதான் அந்நாளில் காஸ் விளக்கின் மேன்டில் செய்தார்கள். உங்கள் தாத்தாமார் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்து வந்தார்களே, அந்த வெளிச்சத்தின் சரக்கு நம் காலடியில் கிடந்த இந்த இனம்தான். (மணல் எடுப்பதைப் பற்றி இன்று நம் கரையில் நடக்கிற வழக்கு வேறு. அது பாரமான வழக்கு. இரண்டு வரியில் சொல்லித் தள்ளக்கூடியதல்ல என்பதால் இங்கே தொடவில்லை.)

அந்தத் தோரியம் கதிர் வீசுவது. கதிர், உயிரணுவுக்குள்ளே இருக்கிற எழுத்துகளைச் சில வேளை மாற்றும். நமக்குப் பக்கத்துக் கேரளக் கடற்கரையில், இதே வகை மணல்மேல் தலைமுறை தலைமுறையாய் வாழும் குடும்பங்களைச் சோதித்து 2002-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. தாய்வழியாய் வருகிற எழுத்துகளில் மற்ற இடத்தாரைவிட அதிக மாற்றங்கள் அவர்களிடம் காணப்பட்டன. பயப்படாதீர்கள், அந்தப் பக்கத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய எழுபதினாயிரம் பேரைப் பல வருஷம் கவனித்து 2009-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், கதிரினால் புற்றுநோய் அதிகமானதாகக் காணவில்லை. கதிரே இல்லாத ஊரிலும் எழுத்து மாறும். பழைய செபப் புத்தகத்தைக் கையால் பிரதி எடுத்தவர்கள் ஒன்றிரண்டு எழுத்தைத் தவறவிட்டதுபோல, பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் தாய் தகப்பனிடம் இல்லாத ஏறக்குறைய அறுபது, எழுபது புது எழுத்துகளோடு பிறக்கிறது. நம் கோவில் ஞானஸ்நானத் தொட்டியில் நான் தண்ணீர் ஊற்றின ஒவ்வொரு தலையிலும் அவை இருந்தன. பெரும்பாலானவை நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை.

சில தீமை செய்கின்றன. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி மலைவாசிகளிடையே அரிவாள்செல் இரத்தநோயைக் கண்டார்கள். ஒரே ஓர் எழுத்து மாற்றத்தால் வருவது அது. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மாற்றத்தைப் பெற்ற பிள்ளையை மலேரியாக் காய்ச்சல் எளிதில் கொல்லாது. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளையோ வாழ்நாளெல்லாம் வலியால் துடிக்கும். ஒரே எழுத்து, ஒரு பிள்ளைக்குக் கேடயம்; அதே வீட்டில் மற்றொரு பிள்ளைக்குக் கத்தி. இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அந்தப் பிள்ளை என்ன புண்ணியம் செய்தது?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை.

2004-ம் வருஷம் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை; திருக்குடும்பத் திருநாள். அப்போது நான் குருமடத்தில் தத்துவ சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தேன்; கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிளந்து எழும்பிற்று. அந்த அலை இலங்கையைச் சுற்றி வளைந்துகொண்டு நம் கரைக்கு வந்தது. கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி: பெயர்களை எழுதவே கை தயங்குகிறது. நம் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய எண்ணூறு பேர். குளச்சல் பக்கத்தில் கடலைக் கண்டு ஓடினவர்களுக்குப் பின்னால் ஏ.வி.எம். கால்வாய் குறுக்கே கிடந்தது. முன்னே கடல், பின்னே கால்வாய். மணக்குடிப் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு ஊர் அழிந்தது, அடுத்த ஊரில் முற்றத்தை நனைத்துவிட்டுத் தண்ணீர் திரும்பிற்று. ஏன் இப்படி என்றால், கடலடி மேடு பள்ளம், கரையின் வளைவு என்று காரணம் சொல்கிறார்கள். உண்மைதான். கறுப்பு மணலைத் தரம் பிரித்த அதே சட்டங்கள்.

மறுநாள் என்னை ஒரு நிவாரண முகாமுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்து வகுப்பறை. மூலையில் ஒரு தாய் சுவரில் சாய்ந்திருந்தாள். நாலு வயதுப் பெண் குழந்தை கை நழுவிப் போய்விட்டது. மூத்த மகன் பிழைத்தான். எனக்கு இருபத்துமூன்று வயது. தலை நிறையப் பாடம். அவள் அருகே உட்கார்ந்து, "அம்மா, எல்லாம் ஆண்டவருடைய திட்டம். அவர் ஒரு நோக்கம் இல்லாமல் எதையும் செய்யமாட்டார்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாய்ப் பார்க்கவில்லை. "அப்போ பிரதர், எனக்க பிள்ளய கொல்லாம ஒரு திட்டம் போட ஆண்டவருக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

நான் எழுந்துபோய் அரிசி மூட்டை இறக்குகிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

அந்த முகாமில் வேறு பேச்சுகளும் காதில் விழுந்தன. "ஊர்ப் பாவம் பொங்கிற்று" என்றார் ஒருவர். "நான் முதல் பூசைக்குப் போனேன், ஆண்டவர் காப்பாத்தினார்" என்றார் இன்னொருவர். பூசைக்குப் போய்த் திரும்பி வந்து செத்தவர்களை அவர் நினைக்கவில்லை. நன்றி சொல்வது நியாயம். ஆனால் நம் நன்றி, பக்கத்து வீட்டுச் சவப்பெட்டிமேல் வைத்த குற்றச்சாட்டாகிவிடக் கூடாது.

இதற்குச் சேசுநாதர் சுவாமியே பதில் சொல்லியிருக்கிறார். அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்ற எண்ணத்தை அவர் வெட்டிப் போடுகிறார். கேட்டவர்களைத் தங்கள் மனந்திரும்புதலைப் பார்க்கச் சொல்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனோ இவன் பெற்றோரோ என்று சீஷர்கள் கேட்டபோதும் அவர் இரண்டையும் மறுத்து, அவனுக்குப் பார்வை கொடுக்கத் தொடங்கினார். கோபுரம் ஏன் அந்த நாளில் அந்தப் பதினெட்டுப் பேர்மேல் விழுந்தது என்று மட்டும் அவர் ஓரிடத்திலும் விளக்கவில்லை. அவர் விளக்காததை இருபத்துமூன்று வயதுப் பிரதர் விளக்கப் போனான்.

பிறகுதான் அர்ச். தோமாஸ் அக்குவினாஸை ஒழுங்காய் வாசித்தேன். தேவ பராமரிப்பு என்றால் உலகத்தில் தற்செயலே இல்லை என்றல்லவா நாம் நினைக்கிறோம்? அந்த மகா சாஸ்திரியார் அதற்கு மாறாக எழுதியிருக்கிறார். தவறாமல் நடக்கிற காரணங்களையும், தவறக்கூடிய காரணங்களையும் சர்வேசுரனே சிருஷ்டித்தார். ஆகையால் தேவ பராமரிப்பு தற்செயலை உலகத்திலிருந்து நீக்கிவிடவில்லை என்பது அவர் நிரூபணம். டார்வினுக்கு ஆறு நூற்றாண்டுக்கு முந்தியவர் அவர். சிருஷ்டி ஒரு பொம்மலாட்டமாயிருந்தால் ஒவ்வொரு கயிறும் மேலே இருக்கும். ஆனால் சர்வேசுரன் பொம்மைகளைப் படைக்கவில்லை. நிலம் நிலமாய் அசைய, கடல் கடலாய்ப் புரள, உயிரணு தன் பிழைகளோடு பிரதியெடுக்க அவர் விட்டிருக்கிறார். நிலம் அசைந்த அதே அசைவுதான் இமயமலையை எழுப்பிற்று. அப்போஸ்தலர்கள்கூட யூதாசின் இடத்துக்கு மத்தியாசைச் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள்? விழுந்த சீட்டில் ஆண்டவர் வேலை செய்யமாட்டார் என்று அவர்கள் எண்ணவில்லை.

அந்தத் தாய்க்கு இது ஆறுதலா? இல்லை. இமயமலையைக் காட்டி ஒரு பிள்ளையின் கணக்கைத் தீர்க்க முடியாது. 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் தொடங்கினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னே இருந்திருந்தால் அவள் பிள்ளைக்கு ஓட நேரம் கிடைத்திருக்கும். இதையும் சொல்லத்தான் வேண்டும். நம் அசட்டையால் வந்ததையெல்லாம் ஆண்டவர் சித்தம் என்று அவர் தலையில் போடுவது பக்தியல்ல.

நம் நாஞ்சில் நாட்டிலேயே இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்த ஒருவரை உங்களுக்குத் தெரியும். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா மகாராஜா டச்சுக்காரரைத் தோற்கடித்தார். சிறைப்பட்டவர்களில் டிலனாய் என்ற கப்பித்தான் ஒருவர். பிற்பாடு மகாராஜாவின் படைக்கே அதிகாரியானார். அரண்மனை உத்தியோகத்திலிருந்த நீலகண்ட பிள்ளைக்குக் கால்நடையும் விளைச்சலும் நஷ்டமாகி மனம் உடைந்திருந்த சமயம், அவருக்கு டிலனாய் சொன்னது யோபுவின் சரித்திரம். 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் அர்ச்சிஷ்டவராகப் பிரகடனம் செய்யப்பட்டார். கோட்டாற்றுக் கோவிலில் அவர் கல்லறை முன் நீங்கள் முழங்காலிட்டிருக்கிறீர்கள்.

தோற்ற சண்டை, பிழைத்த கைதி, செத்த மாடு. எத்தனை தற்செயல்! நமக்கு ஒரு அர்ச்சிஷ்டவர் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே ஆண்டவர் குளச்சலில் அத்தனை பேரைச் சாகவிட்டார் என்று யாராவது பிரசங்கம் செய்தால், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். செத்தவர்கள் நமக்கு ஏணிப்படிகளல்லர். சிதறிக் கிடந்ததை ஆண்டவர் பொறுக்கி எடுத்தார். பொறுக்குவதற்காக அவர் சிதறடிக்கவில்லை.

இன்னும் ஒன்று. டிலனாய் சொன்ன அந்த யோபு ஆகமத்தின் முடிவை வாசித்ததுண்டா? தன் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று யோபு கேட்கிறார். ஆண்டவர் காரணம் சொல்லவில்லை. மனுஷர் குடியிராத வனாந்தரத்தில் பெய்கிற மழையைக் காட்டுகிறார். காட்டுக் கழுதையை, முட்டையை மண்ணில் விட்டுவிட்டு ஓடுகிற தீக்கோழியை, இரத்தம் குடிக்கிற கழுகுக் குஞ்சுகளை, ஒருவராலும் அடக்க முடியாத கடல் விலங்கைக் காட்டுகிறார். நமக்கு ஒரு உபயோகமும் இல்லாத உயிர்கள்! நான் அதை வாசிக்கும்போதெல்லாம் விலங்கியல் புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கும். உலகம் உன் கணக்கைவிடப் பெரிது. அந்தப் பெரிய உலகத்தில் உன்னோடு நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதே அங்கே கிடைக்கிற பதில். யோபுவுக்குத் 'திட்டம்' விளக்கிச் சொன்னவர்கள் அவருடைய சிநேகிதர்கள்தாம். அவர்கள்மேல் ஆண்டவர் கோபங்கொண்டார் என்று அந்த ஆகமமே சொல்கிறது. அந்த இடத்தை நான் என் முகாம் நாளை நினைக்காமல் தாண்டினதில்லை.

இனி அந்தப் பையனின் இரண்டாவது கேள்வி. இயற்கையில் வலியது பிழைக்கிறது, மெலியது போகிறது. அப்படியானால் நாமும் அப்படியே நடந்தால் என்ன? இதற்கு வேதத்தை ஏற்காத ஒருவரே பதில் சொல்லியிருக்கிறார். டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடின தாமஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேயர், விசுவாசியல்லாதவர், 1893-ல் ஆக்ஸ்போர்டில் செய்த பிரசங்கத்தில், இயற்கையின் போக்கைப் பின்பற்றுவது நல்லொழுக்கமாகாது, அதை எதிர்த்து நிற்பதே நல்லொழுக்கம் என்றார். கனமானது தங்கும் என்பது மணலுக்குச் சட்டம். கனமானது தங்குவது நியாயம் என்று எந்த அலையும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரக்கம்கூடப் பரிணாமத்தில் வந்ததுதான், காக்கை தன் குஞ்சுக்கு ஊட்டவில்லையா என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். தாய்ப்பாசம் எப்படி வேரூன்றிற்று என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. சர்வேசுரன் அந்த வழியாயும் நம்மை வளர்த்திருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு இரக்கம் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. அதற்கு நான் கீழ்ப்படிய வேண்டுமா என்பது வேறு கேள்வி. கோபமும் அதே வழியாய்த்தானே வந்தது? இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சில் எழும்போது எதைக் கேட்பது என்று தீர்மானிக்கிறவன் யார்? அந்த ஒருவனைத்தான் திருச்சபை ஆத்துமம் என்கிறது.

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் நம் கடலில் திடீரென்று பலத்தது. தூத்தூர்ப் பக்கத்து ஊர்களிலும், எல்லைக்கு அப்பால் கேரளக் கரையிலும் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்! தங்களைத் தேட ஒருவரும் வரவில்லை என்று அந்த மக்கள் தெருவில் உட்கார்ந்து அழுதார்கள். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை; 2018 ஆகஸ்டில் கேரளத்து உள்நாடு வெள்ளத்தில் மூழ்கியது. அந்தக் கேரளக் கடற்கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத ஊர்களுக்குப் போய், முன்பின் தெரியாதவர்களை வீட்டுக் கூரைகளிலிருந்து இறக்கினார்கள். காக்கை செய்யாத காரியம் அது. பிழைக்கத் தெரிந்தவன் செய்கிற காரியமுமல்ல. அந்த வள்ளத்தில் ஏறினவர்களிடம் உன் சாதி என்ன, உன் கோவில் எது, எங்களுக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்க அவர்களுக்குக் காரணமும் இருந்தது.

பையா, உன் மனதில் என்ன எழுதுவது என்று கேட்டாயே. உன் கண்ணும் காதும் உண்டான கதையைப் புத்தகத்திலிருந்தே எழுதிக்கொள். அதன் பக்கத்தில் அந்த வள்ளங்களையும் எழுதிக்கொள். இரண்டில் ஒன்றை அழித்து மற்றதை எழுதாதே.

அந்தத் தாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். நான் குருப்பட்டம் பெற்றுப் பல வருஷம் கழித்து, ஒக்கியின் சமயம் கடற்கரை ஊர் ஒன்றுக்குச் சில குருக்களோடு போனேன். புருஷன் கடலிலிருந்து திரும்பாத இளம்பெண் ஒருத்தியின் வீடு. உள்ளே போனால், அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான பெண் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வருஷம் ஆகியும் முகம் தெரிந்தது. அவளும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "பிரதர் சாமியாராயாச்சா" என்றாள். அந்த ஊர் அவளுடைய ஊரல்ல, அந்தப் பெண் அவளுக்கு உறவுமல்ல. செய்தி கேட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நான்கு நாளாய் அங்கேயே இருக்கிறாளாம்.

வெளியே வந்தபோது அவளிடம் தனியாய்க் கேட்டேன், "அம்மா, அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னீர்கள்?" என்று. நான் பதின்மூன்று வருஷமாய்த் தேடிய வார்த்தை அவளிடம் இருக்குமென்று எனக்கு ஒரு ஆசை.

"நான் என்னத்த சொல்ல சாமி? ஒண்ணும் சொல்லல்ல. இண்ணைக்குத்தான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா" என்றாள். உள்ளேயிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள், அவள் போய்விட்டாள்.

வருகிற டிசம்பர் 26-ந் தேதி காலை ஆறு மணிப் பூசை, 2004-லும் 2017-லும் கடலில் போனவர்களுக்காக ஒப்புக்கொடுக்கப்படும். பெயர்களை வாசிக்க விரும்புகிற குடும்பத்தார் முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் உபதேசியாரிடம் எழுதிக் கொடுக்கவும். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் பெயர்களையும் கொடுக்கலாம்.

உங்கள் பங்குக் குரு